நிரம்பாத குழியும் நிலாவரைத் தேசிக்காயும்

"யாழ்ப்பாணம் போனால் கோயிலையும் கோட்டையையும் தவிர வேறு என்ன பார்க்கலாம்?" என்று இந்த வலைப்பூவில் அடிக்கடி கேட்கிறீர்கள். தண்ணீரைப் பாருங்கள் என்று ஒருமுறை பதில் போட்டேன். ஆறு என்று ஒன்று ஓடாத குடாநாடு அது. ஆனாலும் தோண்டிய இடத்தில் கிணறு, கடற்கரையில் நன்னீர்க் கேணி, நடுவே கடல்நீரேரி. "மூன்று நாளில் யாழ்ப்பாணத்துத் தண்ணீர்" என்று ஒரு பதிவு எழுதித் தருகிறேன் என்றும் வாக்குக் கொடுத்துவிட்டேன். மாரிமழை ஓய்ந்து, பொங்கல் முடிந்த கிழமை. கிணறுகள் நிறைந்திருக்கும் காலம் பார்த்துக் கொழும்பிலிருந்து வெளிக்கிட்டேன்.

அதில் சுயநலமும் இருந்தது. உரும்பிராயில் உள்ள எங்கள் வீட்டைத் திருத்தி, நான்கு அறைகளுக்கும் தனித்தனிக் குளியலறை கட்டி, ஒரு வருடத்துக்கு மேலாகப் பயணிகளுக்கு விடுகிறேன். பதிவோடு பதிவாக அதற்கும் ஒரு விளம்பரம் ஆகட்டும் என்று நினைத்தேன். அந்த விளம்பரம் எப்படி முடிந்தது என்பதைத்தான் இனி வாசிக்கப்போகிறீர்கள். எழுதும்போது முகம் சுடுகிறது. எழுதாமல் விட்டால் இன்னும் சுடும்.

வெள்ளவத்தையில் இரவு எட்டரைக்கு பஸ் ஏறினேன். குளிரூட்டிய பஸ், 2,900 ரூபா. விடிய ஐந்தே முக்காலுக்கு யாழ்ப்பாண நகரில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து உரும்பிராய் ஏழு கிலோமீற்றர். ஓட்டோவுக்கு 900 ரூபா. ஓட்டோக்காரர் ஜெயம் அண்ணை எனக்குப் பழக்கமானவர், நாளுக்கு 7,000 ரூபா பேசி மூன்று நாளும் அவரையே வைத்துக்கொண்டேன். பஸ்ஸிலும் போகலாம். ஆனால் நான் சொல்லும் இடங்களில் பாதி பஸ் நிற்காத இடங்கள்.

வீட்டுக்கு வந்ததும் வேலிப் பொட்டால் பக்கத்து வீட்டுக்குப் போனேன். பொட்டு என்றால் வேலியில் ஆள் நுழையும் அளவுக்கு விட்டு வைக்கும் இடைவெளி. வீதியால் சுற்றாமல் அயல்வீட்டுக்குப் போகவர அது. எல்லா வேலியிலும் இருக்காது. மனம் ஒத்த வீடுகளுக்கு இடையில்தான் இருக்கும். அந்தப் பக்கம் மலர் அக்கா. வெங்காயமும் பீற்றூட்டும் செய்கிற தோட்டக்காரி. என் வீட்டில் தங்குபவர்களுக்குக் காலைச் சாப்பாடு அவர் கையால்தான்: புட்டு, சம்பல், பிளேன்ரீ. உங்களில் சிலர் அந்தப் புட்டைப் புகழ்ந்து பின்னூட்டமும் எழுதியிருக்கிறீர்கள்.

அவருடைய மகள் துஷி பிள்ளைப்பேற்றுக்குத் தாய் வீட்டுக்கு வந்தவள், இன்னும் அங்கேதான் இருந்தாள். மகனுக்கு நாலு மாதம். தூக்கிப் பார்த்தேன். பாரமே இல்லை. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "என்ன துஷி, பிள்ளை மெலிஞ்சு போய் இருக்கிறான், பால் காணாதோ?" என்று கேட்டேன். அவள் பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் ஒன்றும் கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் நாள் நிலாவரை. உரும்பிராயிலிருந்து ஓட்டோவில் கால் மணித்தியாலம்கூட ஆகாது. போகிற வழியில் ஜெயம் அண்ணை வாடகை அறைகள் எப்படிப் போகின்றன என்று விசாரித்தார். நான் ஓர் உற்சாகத்தில் மலக்குழி வரைக்கும் போய்விட்டேன்.

"நாலு பாத்ரூம் அண்ணை. ஆக்கள் வாறதும் போறதும். ஒரு வருசம் தாண்டியும் குழி நிரம்பேல்லை!"

"அப்ப உங்களுக்கு நல்ல கல்லு வாய்ச்சிருக்கு," என்றார் அவர், மனப்பூர்வமாக. "எங்கடையும் அப்பிடித்தான். அப்பா வெட்டின குழி, இண்டைவரைக்கும் கழிவு உறிஞ்சிற பவுசர் கண்டதில்லை."

வெளியூர் வாசகர்களுக்கு இது விசித்திரமாகப் படலாம். எங்கள் ஊரில் நிரம்பாத குழி பெருமை. தங்கள் குழியை மெச்சிக்கொள்ளாத வீட்டுக்காரர் குறைவு. என் வீட்டுக்குக் குழி வெட்டும்போது சுண்ணாம்புக் கல்லில் ஒரு வெடிப்புத் தெரிந்தது. மேசன் என்னைக் கூப்பிட்டு, ஒரு வாளித் தண்ணீரை அதற்குள் ஊற்றிக் காட்டினார். கண் முன்னாலேயே காணாமல் போனது. "உங்கடை அதிர்ஷ்டம் அக்கா, உது ஆயுசுக்கும் நிரம்பாது" என்றார். அடிக்குச் சீமெந்து போடவேண்டாம் என்று நான்தான் சொன்னேன். செலவும் மிச்சம் என்று சந்தோஷம் வேறு.

நிலாவரை ஒரு பெரிய சதுரக் கிணறு. பச்சையும் நீலமும் கலந்த தண்ணீர். மேலே நன்னீர், ஆழம் போகப் போக உப்பு. அடி இல்லை என்பார்கள். சிறுவயதில் நாங்கள் எல்லோரும் கேட்ட கதை ஒன்று உண்டு: நிலாவரையில் ஒரு தேசிக்காயை, அதாவது எலுமிச்சங்காயை, போட்டால் அது கீரிமலைக் கேணியில் மிதக்குமாம். யாரும் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை, ஆனால் நம்பாதவரையும் நான் கண்டதில்லை. கல்லுக்குக் கீழே குகையும் வெடிப்புமாக ஒரே தொடுப்பு. அதில் தண்ணீர் ஓடித் திரிகிறது என்பதைத்தான் அந்தக் கதை சொல்கிறது. கிணற்றின் மூலையில் நாலைந்து பிளாஸ்ரிக் போத்தல்கள் மிதந்தன. படம் எடுத்து, "என்ன சனமோ!" என்று முகநூலில் போட்டுவிட்டு நகர்ந்தேன்.

அங்கிருந்து நேரே கீரிமலை. கடலை ஒட்டி நன்னீர் ஊறும் கேணி. பெண்களுக்குத் தனியாக மறைவாக உண்டு. காலை ஒன்பதுக்கு முன் போனால் ஆறுதலாகக் குளிக்கலாம். நான் போனபோது பதினொன்று. படிக்கட்டில் ஷாம்பூப் பைக்கற்றுகள், கேணியிலிருந்து கடலுக்கு வழிகிற இடத்தில் நுரை. அங்கேயும் ஒரு படம், அங்கேயும் ஒரு திட்டு. "தேசிக்காய் வராட்டிலும் சவர்க்காரம் வருது" என்று ஜெயம் அண்ணையிடம் பகிடி விட்டேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

இரண்டாம் நாள் காலை ஆறரைக்கு வல்லை வெளி. பருத்தித்துறை வீதியில் பாலத்தடியில் இறங்கினால் இரண்டு பக்கமும் கடல்நீரேரி. கொக்கும் நாரையும் கூழைக்கடாவும் அந்த நேரத்தில்தான் கிட்டப் பார்க்கலாம். ஆனால் கரையோரம் பச்சைப் பாசி தடிப்பாகப் படர்ந்து, அழுகிய முட்டை மணம் வந்தது. குஞ்சு மீன்கள் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. சில வயிறு தெரியக் கிடந்தன. தோட்டத்து உரமும் வீட்டுக் கழிவும் மழையோடு கரைந்து வந்தால் முதலில் கொழுப்பது பாசி. அந்தப் பாசி செத்து அழுகும்போது தண்ணீரில் உள்ள ஒட்சிசனைத் தின்றுவிடும். பிறகு மீனுக்கு மூச்சு விட ஒன்றும் மிஞ்சாது. மீன் போனால் கொக்குக்கு என்ன வேலை? இதையெல்லாம் நான் பாலத்தடியில் நின்று ஜெயம் அண்ணைக்கு விளக்கினேன். நன்றாகத்தான் விளக்கினேன்.

பருத்தித்துறையில் மீன் சந்தை எட்டு மணிக்குக் களைகட்டும். கும்பலாக விலை கூறுவார்கள். வாங்காவிட்டாலும் நின்று பார்க்கலாம். கரையில் ஒருவர் படகைக் கழுவி, கிழிந்த நைலோன் வலைத் துண்டுகளையும் வெறும் ஒயில் கானையும் கல்லுக்கு அப்பால் எறிந்தார். நான் விடவில்லை.

"அண்ணை, அது ஆமைக்கும் மீனுக்கும் நஞ்செல்லோ? உங்கடை தொழிலுக்கே கேடு."

அவர் என்னையும் என் கமெராவையும் பார்த்தார். "தங்கச்சி எவடம்?"

"உரும்பிராய்."

"அப்ப தோட்டப் பக்கம். மழை பெய்தா உங்கடை ஊர் ஊத்தையெல்லாம் எங்கை வந்து விழுகுது? இஞ்சை தான். அதுக்கு ஆரும் கமெராவோடை வாறேல்லை."

எறிந்ததை எறிந்தபடியே விட்டுவிட்டு அவர் போய்விட்டார். வாய்க் கொழுப்பு என்று ஓட்டோவில் ஏறியதும் சொன்னேன். கானை எடுத்து ஓட்டோவுக்குள் போட்டுக்கொண்டு வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அன்று அவ்வளவு நல்ல பெண்மணியாக இருந்தேன். முனைக் கடற்கரையில் மத்தியானம் வரை இருந்து, பெயரில் மட்டும் ஆறான தொண்டைமானாற்றையும் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

வீட்டுக்கு வர ஐந்தரை. கரண்ட் இல்லை. குழாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. எங்கள் கிணற்றுக்கு மூடி போட்டு மோட்டர் பூட்டியிருக்கிறோம். தண்ணீர் தாங்கிக்குப் போய், அங்கிருந்து விருந்தினருக்காக நான் வாங்கிப் பூட்டிய வடிகட்டிக்குள் வரும். கரண்ட் இல்லாவிட்டால் ஒரு மிடறும் இல்லை. தொண்டை காய்ந்துபோய்ப் பொட்டால் நுழைந்து மலர் அக்காவின் கிணற்றடிக்குப் போனேன். வேலிக்கு இந்தப் பக்கம் என் வாழைப்பாத்தி, அந்தப் பக்கம் அவர் கிணறு. போகும்போது வாழைகளைப் பார்த்து மகிழ்ந்ததும் ஞாபகம் இருக்கிறது. வளவிலேயே அந்த நாலு வாழைதான் இலை கிழியாமல் தளதளவென்று நின்றன.

மாரி முடிந்த கிணறு. தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. வாளியை இறக்கி அள்ளி, விளிம்பில் வைத்துக் கையைக் குழித்தேன்.

"அன்ரி! குடியாதேங்கோ!"

துஷி குசினியிலிருந்து ஓடி வந்து வாளியைத் தட்டிவிட்டாள். தண்ணீர் என் சட்டையெல்லாம் கொட்டியது.

எங்கள் ஊரில் ஒருவர் கையிலிருந்து கிணற்று வாளியைத் தட்டுவது சும்மா விடயமல்ல. இன்ன சாதிக்குத் தண்ணீர், இன்ன சாதிக்கு இல்லை என்று கிணற்றடியில் நின்று தீர்ப்புச் சொன்ன ஊர் அது. வாளியைத் தட்டிவிட்ட ஆட்களின் பக்கத்தில் பிறந்தவள் நான். எனக்கு அப்படி நடந்ததில்லை. கோபத்தில் கத்தினேன்.

"என்ன பிள்ளை உது? எனக்குத் தண்ணி தரமாட்டியோ?"

"ஐயோ, அதில்லை அன்ரி. இது குடிக்கிற தண்ணியில்லை. கார்த்திகையிலை இருந்து நாங்கள் ஒருத்தரும் இதிலை வாய் வைக்கிறேல்லை."

அவள் மூச்சு வாங்கியபடி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எனக்குப் பால் காணாதெண்டு பிள்ளைக்குப் பால்மா கரைச்சுக் குடுத்தனாங்கள். இந்தத் தண்ணியிலை தான், வடிவாக் கொதிக்க வைச்சுத் தான். மழை தொடங்கினதும் அவனுக்கு வயித்தாலை போகத் துவங்கிச்சுது. பிறகு உதடும் நகமும் நீலம் பாரிச்சுப் போச்சு. தூக்கிக்கொண்டு ஓடினம். டொக்டர் முதல் கேட்டது என்ன தெரியுமே? 'என்ன தண்ணியிலை கரைச்சனீங்கள்?' எண்டு."

பிள்ளையைக் காப்பாற்றிவிட்டார்கள். பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து, கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் பிடித்துக்கொண்டு போனாராம். மலக்கிருமியும் இருந்தது, நைத்திரேற்றும் அளவுக்கு மேலே இருந்தது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்றுப் போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கூடும். பெரியவர்களுக்கு உடனே ஒன்றும் தெரியாது. கைக்குழந்தையின் இரத்தத்தில் அது போய்ச் சேர்ந்தால், ஒட்சிசனைக் காவ இரத்தத்துக்கு ஏலாமல் போய்விடும்.

காலையில் வல்லைப் பாலத்தடியில் நான் விளக்கிய அதே கதைதான். வாயைத் திறந்து திறந்து மூடிய மீன்களின் ஞாபகம் வந்தது.

"அந்தப் பரிசோதகர் பக்கத்திலை மலக்குழி இருக்கோ எண்டு கேட்டவர்," என்றாள் துஷி. வாழைப் பக்கம் பார்த்தாள். நானும் பார்த்தேன். அந்த வாழைகளுக்கு அடியில்தான் என் நிரம்பாத குழி.

இந்த இடத்தில் நான் கேட்டதுதான் இந்தப் பயணத்திலேயே எனக்கு மிகவும் வெட்கமான விடயம். முதலில் பிள்ளை இப்போது எப்படி என்று கேட்டிருக்கவேண்டும். அப்போது மலர் அக்கா மண்வெட்டியோடு தோட்டத்தால் வந்துகொண்டிருந்தார். அவரைப் பார்த்து, "தோட்டத்துக்கு யூரியா கூடப் போடுறியளோ அக்கா?" என்று கேட்டேன்.

அவர் நின்றார். "ஓம் பிள்ளை, போடுறனாங்கள் தான். எங்கடையும் கிடக்கும்."

"யூரியாவிலை மலக்கிருமி வராதம்மா," என்றாள் துஷி.

பேச்சை மாற்றினேன். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். அதையும் குற்றம் சாட்டும் குரலில்தான் கேட்டேன் போலிருக்கிறது.

"நீர் வந்து நிக்கிறதே ரெண்டு மூண்டு நாள்," என்றார் மலர் அக்கா. "வீட்டிலை ஆக்கள் வந்து தங்கிக்கொண்டு நிக்கினம். உதை என்னண்டு கதைக்கிறது? சொன்னா உமக்கு மனம் நோகும். அயலுக்குள்ளை உதுகளைக் கதைக்க வெளிக்கிட்டா, பிறகு முகம் பாத்துக் கதைக்கேலாமல் போடும்."

"மனம் நோகும்" என்று அவர் சொன்னபோது சிரிக்கவும் முயன்றார். என் வீட்டு விருந்தினருக்குப் புட்டவிக்கவும் தேநீர் போடவும் அவர்கள் கடையிலிருந்து இருபது லீற்றர்க் கான்களில் தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். நான் வடிகட்டித் தண்ணீர் குடித்து, கழிவைக் கல்லுக்குள் இறக்கிவிட, அது வெடிப்பு வழியாக வேலியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. நிலாவரையில் போட்ட தேசிக்காய் கீரிமலைக்குப் போகும் என்று நம்பி வளர்ந்தவள், என் குழியில் விழுந்தது மட்டும் விழுந்த இடத்திலேயே கிடக்கும் என்று நம்பியிருக்கிறேன். எனக்கு என்மீது அருவருப்பாக இருந்தது.

மூன்றாம் நாள் எழுவைதீவுப் பக்கம் போவதாக இருந்தது. போகவில்லை. கழிவு உறிஞ்சும் பவுசரை வரச் சொன்னேன். குழியை வெறுமையாக்கிவிட்டு அடிக்குச் சீமெந்து போட்டு அடைத்துவிடலாம் என்று திட்டம். பத்து மணிக்கு வந்தார்கள். மூடியைக் கிளப்பி, ஒருவர் ரோர்ச் அடித்துக் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து சிரித்தார்.

"இதுக்குள்ளை என்னத்தை அக்கா உறிஞ்சிறது? ரெண்டு வாளி கூடத் தேறாது. நல்ல குழி! ஏன் சும்மா எங்களைக் கூப்பிட்டனீங்கள்?"

அவருக்கு அது பாராட்டு. ஒரு வருடத்துக்கு மேலாக அந்த வீட்டில் தங்கியவர்கள் அத்தனை பேரும், நானும், விட்டுச் சென்றது எதுவும் அங்கே இல்லை. வேலிக்கு அப்பால் துஷி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் திரும்பியதும் உள்ளே போய்விட்டாள்.

அன்றே முன்பதிவுகளை எல்லாம் இரத்துச் செய்தேன். குளியலறைகளைப் பூட்டினேன். மேசனைக் கூப்பிட்டு, அடியும் பக்கமும் சீமெந்து பூசிய மூடிய தொட்டி, கிணறுகளிலிருந்து எட்டத்தில், வீதிப் பக்க மூலையில் கட்டச் சொன்னேன். "அது அடிக்கடி நிரம்புமே அக்கா, பிறகு பவுசருக்கெல்லோ குடுக்கவேணும்?" என்றார். நிரம்பட்டும் என்றேன். குடிதண்ணீர் வாங்கும் செலவை நான் தருகிறேன் என்று மலர் அக்காவிடம் கேட்டபோது அவர் தலையை ஆட்டி மறுத்தார். துஷி மறுக்கவில்லை. "அம்மா வேண்டாமெண்டுவா. நான் வேண்டாமெண்டு சொல்லமாட்டன்" என்றாள். அவள் சொன்னதுதான் எனக்குக் கொஞ்சமாவது மூச்சு விட இடம் தந்தது. ஆனால் கிணறு எப்போது தெளியும் என்று பரிசோதகராலும் சொல்ல முடியவில்லை.

இனி, போகிறவர்களுக்கு. தை, மாசி நல்ல காலம். நிலாவரையையும் கீரிமலையையும் ஒரே நாளில் முடிக்கலாம், வல்லைக்கு விடியவே போய்விடுங்கள். கேணியில் சவர்க்காரம் போடாமல் குளியுங்கள். கைக்குழந்தையோடு போகிறீர்கள் என்றால் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பால்மா கரைக்கலாம் என்று நினைக்கவேண்டாம். பரிசோதித்த தண்ணீரைக் கேட்டு வாங்குங்கள். தங்கும் இடத்தில் வைஃபை இருக்கிறதா, ஏசி இருக்கிறதா என்று கேட்கிறீர்கள் அல்லவா? கூடவே உங்கள் மலக்குழியை எப்போது கடைசியாக இறைத்தீர்கள் என்றும் கேளுங்கள். போன மாதம் என்று சலித்துக்கொண்டால் அங்கே தங்குங்கள். இதுவரை நிரம்பியதே இல்லை என்று பெருமையாகச் சொன்னால் வேறு இடம் பாருங்கள். முகநூலில் நான் போட்ட நிலாவரைப் படத்தை அழித்துவிட்டேன். "என்ன சனமோ" என்று எழுத எனக்கு இப்போது வாய் இல்லை.

புறப்பட்ட அன்று பின்னேரம் சொல்லிவிட்டு வரலாம் என்று வேலியடிக்குப் போனேன். பொட்டு இருந்த இடத்தைப் புதுத் தென்னோலைக் கிடுகு கட்டி அடைத்திருந்தது. கட்டிய கயிறு இன்னும் ஈரம் காயவில்லை. யார் கட்டியது என்று எனக்குத் தெரியும். அவளில் பிழையும் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது, அந்தப் பக்கமிருந்து மலர் அக்காவின் குரல் கேட்டது.

"றோட்டாலை சுத்தி வாரும் பிள்ளை. தேத்தண்ணி ஊத்தி வைச்சிருக்கிறன். வாங்கின தண்ணி தான், பயப்பிடாமல் குடிக்கலாம்."

படலையைத் திறந்து, வீதியில் இறங்கி, சுற்றி நடந்து போனேன்.